இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று, புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூவரும் என்னைச் சுற்றி நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். "அங்கிள், இந்த வேலைக்கு என்ன தெரிஞ்சிருக்க வேணும்?" என் வாய் நிறையக் கேக் இருந்தது. "காது இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை. காது எல்லாருக்கும்தான் இருக்கிறது. எனக்கும் இருந்தது. இருந்தும் நான் விட்ட பிழையைக் கேட்டால், என்னை இந்த வேலைக்கு எடுத்தவரைத்தான் நீங்கள் திட்டுவீர்கள். ஆகவே ஒழுங்கான பதிலை இப்போது எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஓய்வு பெற்றவனிடம் கேள்வி கேட்டது உங்கள் குற்றம், அனுபவியுங்கள்.

சூரிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லீரனில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் நம்முடைய இசைத்தட்டுத் தொழிற்சாலைக்கு நான் முதன்முதலில் வந்தது துடைப்பத்தோடு. ஒரு துப்புரவுக் கம்பனி அனுப்பியது. பிறகு தட்டுகளைப் பெட்டியில் அடுக்க எடுத்தார்கள். அதற்கும் பிறகுதான், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தட்டுகளைக் கேட்டுப் பிழை பிடிக்கும் அறைக்குப் போனேன். ஏதோ என் திறமையைக் கண்டு தூக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த நாற்காலியில் எந்தச் சுவிஸ்காரரும் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவனுக்குப் பிடித்த பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் விசர் பிடிக்காது? எனக்கோ வந்த நாளிலிருந்து நின்றே வேலை செய்து வீங்கிப்போன கால்கள். உட்கார்ந்து செய்யும் வேலை என்றதும், எந்தக் கண்றாவியைக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன் என்று போய் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரொக் இசை என்றால் அப்போது எனக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி. எங்கே பாட்டுத் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியாது. தட்டில் கீறல் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்று நினைத்தேன்.

ஓட்ட விட்டார்களா? சேர்ந்த முதல் வருடமே சூடு வாங்கினேன். உள்ளூர்க் குழு ஒன்றின் தட்டு அச்சாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் தகரத்தை அரத்தால் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். பல்லெல்லாம் கூசியது. கண்டேன் பிழை என்று ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினேன். காலை முழுக்க ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஷெஃப் வந்து கேட்டார். எங்கள் முதலாளியை எல்லாரும் ஷெஃப் என்றுதான் சொல்வோம். ஆறடி மனிதர். கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சிவா, இவர்கள் உண்மையாகவே தகரத்தை அரத்தால் தேய்த்திருக்கிறார்கள். இதுதான் இவர்களுடைய இசை" என்றார்.

அடுத்த நாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இந்த நாட்டில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல் கடிதம் அறிவிப்பு. இரண்டாவது கடிதத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். நானும் அந்தப் பூனையாகிவிட்டேன். அன்றிலிருந்து கறுமுறு என்றாலும் சரி, கீச்சென்றாலும் சரி, "அது அவையின்ரை இசை" என்று பேசாமல் கையெழுத்து வைத்துவிடுவேன். ஐயம் வந்தாலும் யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்டால், இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார்களே! நம்மவர்களுக்கு இருக்கிற பெரிய வியாதி இது. தெரியாததைக் கேட்பதைவிடத் தெரிந்தமாதிரித் தலையை ஆட்டுவது சுலபமாக இருக்கிறது. அந்த வியாதியோடு நான் அங்கே பல வருடம் இருந்தேன்.

அந்த நிலையில்தான் அந்த இங்கிலாந்துக் குழுவின் அல்பம் வந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது.

நான்கு பேர். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு துறைமுக ஊர்க்காரர். பாடுவது ஒரு பெண், ட்ரம்ஸ் அடிப்பது இன்னொரு பெண், கிற்றார் இரண்டும் ஆண்கள். உறையில் படம் இருந்தது. ட்ரம்ஸ்காரி ஒல்லியாக, காற்சட்டையின் பின்பைக்குள் குச்சிகளைச் செருகிக்கொண்டு, படம் எடுத்தவனை முறைத்துக்கொண்டு நின்றாள். பாவிக்காமல் விட்ட மீன் கிடங்கு ஒன்றில் நால்வரும் ஒன்றாக நின்று, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிந்ததாக உறையில் எழுதியிருந்தது. அவர்களுடைய முதல் பெரிய அல்பம். வெளியீட்டு நாள் குறித்தாகிவிட்டது. பெட்டிகளை ஏற்ற லொறியும் வெள்ளிக்கிழமைக்குப் பேசியாகிவிட்டது.

நம்முடைய முறை உங்களுக்குத் தெரியும். உலோக அச்சிலிருந்து முதலில் சில மாதிரித் தட்டுகளை அடிக்கிறோம். இங்கே ஒருவர் கேட்டுக் கையெழுத்து வைக்கிறார். பிறகு குழுவுக்கு அனுப்புகிறோம். அவர்களும் சரி என்றால் இயந்திரம் ஓடத் தொடங்கும். அந்த மாதிரித் தட்டைக் கேட்டுக் கையெழுத்து வைத்தவன் நான்தான்.

இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு மெதுவான பாட்டு. அதன் கடைசி நிமிடத்தில் கிற்றார்கள் எல்லாம் அடங்கி, ட்ரம்ஸும் பாடகியின் குரலும் மட்டும் நிற்கும். அங்கே, ட்ரம்ஸுக்குப் பின்னால் மெல்லியதாக "உஸ்... உஸ்..." என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ தும்புத்தடியால் ஒருமுறை கூட்டி, விட்டு, மறுபடி கூட்டுகிற மாதிரி. தாளத்தோடேயே வந்தது. சிலவேளை மயிரிழை முந்தி, சிலவேளை மயிரிழை பிந்தி, மனிதக் கை வாசிப்பதுபோலவே இருந்தது. அவர்களுடைய இசை என்று கையெழுத்து வைத்தேன். இங்கிலாந்திலிருந்தும் நால்வரின் கையெழுத்தோடு சரி என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை இயந்திரம் ஓடத் தொடங்கியது.

புதன்கிழமை காலை, ஓடுகிற வரிசையிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து வழக்கம்போலக் கேட்டேன். கடைசிப் பாட்டு வந்தபோது எனக்கே தெரியாமல் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கோயிலில் பஜனைக்குத் தாளம் போடுகிறவன். கை சும்மா கிடக்காது.

கடைசி வரிக்குச் சற்று முன் என் கை தயங்கியது. ட்ரம்ஸ்காரி அந்த இடத்தில் ஓர் அடியைத் தாமதிக்கிறாள். அடுத்ததை இன்னும் கொஞ்சம் தாமதிக்கிறாள். ஏன் என்று எனக்கு உடனே விளங்கியது. பாடகியின் மூச்சு அங்கே போதவில்லை. குரல் உடைந்து, திரும்ப எடுத்து, அந்தச் சொல்லைப் பிடிக்கப் பார்க்கிறாள். ட்ரம்ஸ்காரி அவளுக்காக நிற்கிறாள். எங்கள் பஜனையிலும் இது நடக்கும். முன்வரிசையில் பாடும் ஓர் அண்ணைக்கு இளைப்பு வியாதி. மேல் வரியில் அவருக்கு மூச்சு இழுத்தால் நானும் மிருதங்கக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவர் வந்து சேரும்வரை தாளத்தைப் பிடித்து வைப்போம். பாடுகிறவரை நடு வழியில் விட்டுவிட்டுப் போகிற தாளக்காரன் தாளக்காரனே இல்லை.

ட்ரம்ஸ்காரி நின்றாள். நானும் நின்றேன். அந்த "உஸ்" மட்டும் நிற்கவில்லை. தன்பாட்டில் போய்க்கொண்டே இருந்தது.

ஐயோ கடவுளே! இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மறுபடி சுழல விட்டேன். கோடு ஊசிப் பக்கம் வரும் ஒவ்வொரு முறையும் "உஸ்". சுற்றுக்கு ஒன்று. அந்தச் சத்தத்தை எந்த மனிதனும் வாசிக்கவில்லை. எங்கள் உலோக அச்சில் ஒரு கீறல். தட்டு சுழலும் வேகமும் அந்தப் பாட்டின் நடையும் தற்செயலாகப் பொருந்திப்போனதால், பிழை தாளமாகி எல்லாரையும் ஏமாற்றிவிட்டது. அடித்து முடித்த அத்தனை தட்டிலும் அது இருக்கிறது. பக்கத்துக் கூடத்தில் இயந்திரம் இன்னும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஒன்பது மணிச் சிற்றுண்டி இடைவேளையில் ரஞ்சனை அறைக்குள் கூப்பிட்டேன். ரஞ்சன் ஊஸ்டரிலிருந்து வேலைக்கு வரும் நம்மட ஆள். அச்சு இயந்திரம் அவன் பொறுப்பு. ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்துக் கேட்டான்.

"எங்கை அண்ணை பிழை? வடிவாத்தானே போகுது."

"அந்த உஸ் எண்டிற சத்தம். அது பாட்டிலை இல்லை. அச்சிலை கீறல்."

பென்சில் கோட்டைக் காட்டினேன். இரண்டு சுற்றுப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"மாதிரித் தட்டுக்கு ஆர் கையெழுத்து வைச்சது?"

"நான்தான்."

ரஞ்சன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "அண்ணை, நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை. பாட்டுக்காரரே கேட்டு ஓம் எண்டு அனுப்பிட்டினம். பிறகு உங்களுக்கு என்ன விசரோ? ஏற்கெனவே ஒரு கடிதம் வாங்கி வைச்சிருக்கிறியள். இந்த வயசிலை வெளியிலை போனால் ஆர் எடுப்பினம்?"

"ரஞ்சன், அந்தப் பிள்ளை பிழையா அடிக்கிற மாதிரிக் கேக்குதடா."

"எந்தப் பிள்ளை?"

"ட்ரம்ஸ் அடிக்கிற பிள்ளை."

அவன் என்னைப் பார்த்த பார்வையில், அண்ணைக்கு உண்மையிலேயே விசர் பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தது. ஆனால் பிள்ளைகளே, விசயம் முழுக்க அதுதான். அந்தச் சத்தம் கடிகாரம்போல ஒரே சீராக ஓடுகிறது. அதன் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது, நின்று கொடுத்தவள் தாளம் தப்பியவளாகத் தெரிகிறாள். பிழை என்னுடையது, பழி அவளுடையது. தட்டு விற்கும் காலமெல்லாம் அவள் தலையில் அந்தப் பழி கிடக்கும். ஒருவருக்கும் தெரியாது என்று ரஞ்சன் சொன்னது சரிதான். எனக்குத் தெரியுமே!

பயம் இல்லை என்று பெருமைக்குச் சொல்ல மாட்டேன். என் மனிசிக்கு ஃபோன் எடுத்தேன். அவளும் அந்த நேரம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலையில் நின்றாள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் முழுக் கதையையும் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டாட்டி என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடக்காது."

"நிப்பாட்டினா?"

"வேலை போகும்."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "நிப்பாட்டாமல் வந்தியள் எண்டால் ஒரு மாசத்துக்கு நித்திரை கொள்ள மாட்டியள், என்னையும் கொள்ள விட மாட்டியள். உங்களை எனக்குத் தெரியாதோ? செய்யிறதைச் செய்துபோட்டு வாங்கோ. கட்டித் தந்த சோத்தை மிச்சம் கொண்டு வராதேங்கோ."

நேரே கூடத்துக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை நானே அமுக்கினேன். ரஞ்சனைச் செய்யச் சொல்லவில்லை. அவனுக்கும் பெண்சாதி பிள்ளைகள் உண்டு.

ஷெஃப் படியில் இறங்கி வந்த வேகத்தில் இரும்புப் படிகள் அதிர்ந்தன.

"சிவா! மறுபடியும் இசையை நிறுத்திவிட்டாயா?"

"இசையை நிறுத்தவில்லை. அச்சில் கீறல் இருக்கிறது. மாதிரித் தட்டில் நான் கவனிக்கவில்லை. கையெழுத்து என்னுடையது" என்றேன். வேறு விதமாகத் தொடங்கியிருந்தால் நடுவில் தைரியம் போயிருக்கும். அதனால் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இதை மட்டும் நீங்கள் மறக்கக்கூடாது. பிழையைச் சொல்லப் போகிறவன் முன்னுரை போடக்கூடாது.

அவரை என் நாற்காலியில் இருத்தி ஹெட்ஃபோனை மாட்டினேன். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நன்றாகத்தானே இருக்கிறது, அந்தத் துடைப்பம் மாதிரிச் சத்தம்கூட அழகுதான்" என்றார். கார்னிவல் காலத்தில் ஊர் வாத்தியக் கோஷ்டியில் பெரிய மேளம் அடிக்கிறவர் அவர். அது எனக்குத் தெரியும். "காலால் தாளம் போடுங்கள், ட்ரம்ஸோடு போங்கள்" என்றேன். போட்டார். கடைசி வரிக்கு முன்னால் அவருடைய பெரிய சப்பாத்துத் தானாகவே தாமதித்தது. சத்தம் அதைத் தாண்டிக்கொண்டு போனது. சப்பாத்து அந்தரத்தில் நின்றது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பென்சில் கோட்டை நான் காட்டும்போது அவர் பார்க்கக்கூட இல்லை.

பிறகுதான் கோபம் வந்தது. "இதைப் போன மாதமே சொல்ல உனக்கு என்ன? ஒரு வார்த்தை, என்ன இது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" அவர் கத்தியதில் அந்த ஒரு கேள்விதான் என்னைச் சுட்டது. "வீட்டுக்குப் போ. நான் கூப்பிடும்வரை வராதே" என்றார். சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஷ்லீரன் ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். வேலையற்றோர் அலுவலகத்துக்கு என்னென்ன கடதாசி வேண்டும் என்று எடுத்து அடுக்கி வைத்தேன். மனிசி பக்கத்தில் இருந்து அதையெல்லாம் கோப்பில் போட்டுத் தந்தாள். அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷெஃப் ஃபோன் எடுத்தார். "திங்கள் காலை என் ஒஃபிசுக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அன்று பின்னேரப் பஜனையில் நான் போட்ட தாளம் கேட்கச் சகிக்கவில்லை என்று சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஒரே உறைக்குள் இரண்டு கடிதம் தந்தார். முதலாவது, கவனக்குறைவாகக் கையெழுத்து வைத்ததற்கான இரண்டாவது எச்சரிக்கை. "சட்டப்படி இது உன் கோப்பில் இருக்கத்தான் வேண்டும்" என்றார். மற்றதைப் பிரிக்கும்போது என் கண் மங்கிவிட்டது, அவரே வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து கேட்கும் அறைக்கு நான் பொறுப்பு. என் சம்மதம் இல்லாமல் எந்த மாதிரித் தட்டும் வாசலைத் தாண்டக்கூடாது. சுவிஸ்காரரின் நியாயத்தை அன்றைக்குத்தான் கண்டேன். அடிக்கிற கையால் அடித்துவிட்டு, கொடுக்கிற கையால் கொடுக்கிறார்கள், இரண்டுக்கும் தனித்தனி இலக்கம் போட்டு!

இங்கிலாந்தோடு கதைத்ததையும் சொன்னார். மனேஜர் வெளியீட்டு நாள் தள்ளிப்போகிறது என்று குதித்தாராம். நடுவில் ட்ரம்ஸ்காரி ஃபோனைப் பறித்து, "அப்படியானால் அந்தச் சத்தத்தை ஒருவரும் சேர்க்கவில்லையா?" என்று கேட்டாளாம். இல்லை என்றதும் மறுபடி கேட்டாளாம். மூன்றாம் தடவை கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாளாம், நிறுத்தவே இல்லையாம். "ஆங்கிலேயர்" என்று ஷெஃப் தோளைக் குலுக்கினார். புது அச்சுச் செய்தோம். பழைய தட்டுகளை அரைத்துத் தூளாக்கினோம். ரஞ்சன் அரைக்கும்போது என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறகு தேத்தண்ணி கொண்டு வந்து தந்தான்.

அல்பம் இரண்டு கிழமை பிந்தி வந்தது. நன்றாகவே போனது, இரண்டாம் தடவையும் நாம்தான் அடித்தோம். ஆனால் பத்திரிகைகள்! ரஞ்சன் அந்தக் குழுவின் பரம ரசிகனாக மாறி, தினமும் இணையத்தில் தேடி வாசிக்கத் தொடங்கியிருந்தான். ஒருநாள் காலை முகத்தை நீட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, உங்கட பிள்ளையைக் கிழிச்சுப் போட்டிருக்கிறாங்கள்."

பாட்டுகள் அருமை, பாடகியின் குரல் அருமை, கடைசிப் பாட்டின் முடிவில் மட்டும் ட்ரம்ஸ் தளர்ந்து தாளம் பிசகுகிறது, அதை இன்னொரு தடவை பதிந்திருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இவர்களுக்கு ஒருவர் எழுதினால் போதாதா? மற்றவர்களும் அதையே எழுதினார்கள். கீறல் போன பிறகும் அவர்களுக்கு விளங்கவில்லை. அந்த விமர்சகரைப் பிடித்து ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பஜனையில் இருத்தியிருந்தால் ஒழுங்காகிவிட்டிருப்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சொந்தப் பிள்ளையின் பரீட்சைத் தாளைப் பிழையாகத் திருத்தினால் வருமே, அப்படி ஆத்திரம்.

ஆறு மாதம் கழித்துக் குழு சூரிச்சில் நிகழ்ச்சிக்கு வந்தது. தங்கள் தட்டு பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நால்வரும் பகல் நேரத்தில் ஷ்லீரனுக்கு வந்தார்கள். ஷெஃப் இயந்திரங்களை எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியாக என் அறைக்குக் கூட்டி வந்தார். நான் அன்று சட்டை மாற்றியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரஞ்சன் ஒரு வேலையும் இல்லாமல் வாசலில் நின்றான்.

"சத்தத்தைக் கண்டுபிடித்தவர் நீங்களா?" என்று ட்ரம்ஸ்காரி கேட்டாள். படத்தில் முறைத்த அதே கண்கள், நேரில் வேறு மாதிரி இருந்தன. "எங்களுக்கு மாதிரித் தட்டு வந்தபோது நான்கு பேரும் ஒன்றாக இருந்துதான் கேட்டோம். என் பிசகை மறைக்க இவர்களில் யாரோ அதைச் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரென்று கேட்கக் கௌரவம் விடவில்லை. கையெழுத்துப் போட்டேன். அல்பம் வந்ததும் குழுவை விட்டுப் போவதாக இருந்தேன்."

"நீ சேர்த்தாய் என்று நான் நினைத்தேன்" என்றான் கிற்றார்காரன் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடலுக்கு அந்தப் பக்கமும் அதே வியாதிதான், வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

"எங்களில் யாரும் வாசிக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று அவள் கேட்டாள்.

பென்சில் கோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அதுதான் சரியான தொழில் பதில். என் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கும் அதுவே சுலபமாக இருந்திருக்கும். ஆனால் ஆறு மாதமாக எனக்குள் கிடந்தது வேறு.

"அந்தப் பாட்டில் பாடுகிறவருக்கு மூச்சு முட்டுகிறது. நீங்கள் அவருக்காக நின்றீர்கள். அந்தச் சத்தம் நிற்கவில்லை. உங்கள் நால்வரில் ஒருவர் என்றால் நின்றிருப்பார்" என்றேன்.

ட்ரம்ஸ்காரியின் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. அப்போது பாடகி, அதுவரை சுவரில் சாய்ந்துகொண்டு நின்றவள், ஓர் அடி முன்னால் வந்தாள்.

"என் அப்பா இறந்து மூன்று கிழமையில் பாடியது அது" என்று என்னிடம் சொன்னாள். "இரண்டாம் தடவை பாட என்னால் முடியவில்லை. எப்படியோ தாளத்துக்குள் முடித்துவிட்டேன் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்." பிறகு மெல்லத் தன் சிநேகிதியின் பக்கம் திரும்பினாள். "பத்திரிகைக்காரர் அத்தனை எழுதினார்களே. நீ ஏன் ஒருதடவைகூடச் சொல்லவில்லை?"

ட்ரம்ஸ்காரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னால் உனக்கு மூச்சு முட்டியதைப் பற்றி எழுதுவார்கள்" என்றாள்.